கையெழுத்துக்கு மேலே உள்ள இடம்

டெல்பின் கொரேராவை எனக்கு, என்று தொடங்கி கடிதம் அங்கேயே நின்றுவிடுகிறது. எனக்குத் தெரியும். எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். என்னிடம் ஆய்வு மாணவியாக இருந்த காலத்திலிருந்து தெரியும். எப்படி முடித்துப் பார்த்தாலும் அதற்கடுத்த வாக்கியம் வர மறுக்கிறது. டெல்பின் கொரேரா என்பது நான். எனக்கு என்று சொல்கிறவர் என் நெறியாளர், பேராசிரியர் தங்கையா. அவர் என்னைப் பற்றி எழுத வேண்டிய பரிந்துரைக் கடிதத்தை அவர் குரலில் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை போகும் பேருந்தில், வெயில் விழாத பக்கம் என்று நம்பி உட்கார்ந்து, புறவழிச்சாலையில் திரும்பியதும் வெயில் மொத்தமும் மடியில் வந்து விழுந்துவிட்ட இருக்கையில். போன வாரம் போனில் கேட்டபோது, நீயே எழுதிக் கொண்டாம்மா, நான் கையெழுத்துப் போட்டுருதேன் என்றார். இதில் தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் பரிந்துரைக் கடிதம் என்றால் இப்படித்தான். கேட்கிறவர் எழுதுவார், கொடுக்கிறவர் கையெழுத்திடுவார். நானே என் மாணவிகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்ற முகத்தோடு. நாளை மாலையோடு விண்ணப்பம் முடிகிறது. போர்ச்சுகலில் கடலை ஒட்டி ஒரு பல்கலைக்கழகம், அங்கும் உப்பளங்கள், ஒரு வருடம் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வும் செய்யலாம். ஆய்வுத் திட்டம் இணையத்தில் ஏற்றியாகிவிட்டது. அந்த ஊர்ப் பேராசிரியையின் அழைப்பும், கல்லூரிச் செயலர் அறை வாசலில் காத்துக் கிடந்து வாங்கிய தடையில்லாச் சான்றும் ஏற்றியாகிவிட்டது. நெறியாளர் கடிதம் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அடுத்த வருடம் எனக்கு விண்ணப்பிக்கும் வயது கடந்துவிடும். வயது கடந்துவிடும் என்பதை எத்தனை தடவை நினைத்தாலும் ஒவ்வொரு தடவையும் அது புதிதாகவே வந்து குத்துகிறது, ஈறில் மாட்டிக்கொண்ட மீன் முள்ளைப்போல, நாக்கு போய்ப் போய் அதையே தொடுகிறது.

கைப்பைக்குள், பிளாஸ்டிக் உறையில், அவருடைய லெட்டர்பேடில் ஒரு தாள் இருக்கிறது. மேலே அவர் பெயர், பட்டங்கள், பெருமாள்புரம் முகவரி. கீழே அவர் கையெழுத்து. நடுவில் ஒன்றுமில்லை. போன வருடம் இதே இடத்துக்கு விண்ணப்பித்தபோது இரண்டு தாள்களில் போட்டுக் கொடுத்தார், அடிக்கும்போது ஏதும் தப்பாப் போச்சுன்னா இன்னொண்ணு வேணும்லா என்று. போன வருடக் கடிதத்தை நான் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். டெல்பின் கொரேரா பணிவானவர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர். மூத்தவர்களிடம் மரியாதையும் உடன் வேலை செய்பவர்களிடம் இணக்கமும் உள்ளவர். அவருடைய நடத்தை மிக நன்று. எழுதும்போது தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும் அசிங்கத்திலிருந்து தப்பித்துவிட்டேன். வருடம் முடியும்போது கல்லூரியை விட்டுப் போகும் பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழின் வாசகம்தான் அது, எல்லாருக்கும் ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறும். சில மாதம் கழித்து இல்லை என்று பதில் வந்தது. காரணம் கேட்டு எழுதினேன். அவர்கள் மறைக்காமல் அனுப்பியிருந்தார்கள். நெறியாளரின் கடிதம் விண்ணப்பித்தவரின் நற்குணங்களைச் சொல்கிறது, அவர் சொந்தமாக என்ன சிந்தித்தார் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, நெறியாளருக்கே அவர்மேல் பெரிய நம்பிக்கை இல்லையோ என்று எண்ண வேண்டியிருக்கிறது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து மேஜையில் யாரோ தேர்வுத் தாள்களை நூலால் கட்டிக்கொண்டிருந்தார்கள். நெறியாளருக்கே என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெறியாளர் அந்தக் கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை. டெல்பின் கொரேரா மேல் நம்பிக்கை இல்லாமல் எழுதியது டெல்பின் கொரேராதான்.

பேருந்து வாகைகுளம் தாண்டுகிறது. காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மடியில் ஒரு குழந்தை தூங்குகிறது, அதன் பாதம் என் தொடையை மிதித்துக்கொண்டிருக்கிறது, சூடான சின்னப் பாதம். அவள் என் கையிலிருந்த உறையைப் பார்த்து ரிப்போர்ட்டாக்கா என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, கைப்பையிலிருந்து உறையை எப்போதோ வெளியில் எடுத்து நெஞ்சோடு பிடித்திருக்கிறேன், ஸ்கேன் எடுத்துவிட்டுப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறவளைப்போல. இல்லை, வேலை விஷயமாக ஒரு லெட்டர் என்றேன். கிடைச்சிரும்க்கா என்றாள், உடனே கண்ணை மூடிக்கொண்டாள். சொந்தமாக என்ன சிந்தித்தார். அதற்கு என்னிடம் இருப்பது ஒரே பதில். இத்தனை வருடத்தில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது ஒன்றுதான், அது தங்கையா சார் சொன்னது சரியில்லை என்பது. உப்பு விளையும் முன்பு பாத்தித் தண்ணீர் சிவக்கும். எங்கள் ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம், ரோஜாப்பூவை ஊறவைத்த தண்ணீர்போல, சில பாத்திகளில் அதைவிட அடர்த்தியாக. அது ஒரு பாசியின் நிறம் என்று சார் எழுதினார். அவர் பெயர் வெளியூர்களில் தெரிய வந்ததே அந்தக் கட்டுரையால். அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார், வேத வசனக் காலண்டருக்குப் பக்கத்தில். நான் அதே பாத்திகளில் பார்த்தேன். பாசி இருக்கிறது. நிறம் பெரும்பாலும் அதனுடையது அல்ல. அதைவிட மிகமிகச் சிறிய, உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்களுடையது. முனைவர் பட்டம் வாங்கி வேலைக்கு வந்து வெகுநாள் கழித்து அதைக் கட்டுரையாக எழுதினேன். முந்தைய முடிவுகளை ஓரளவுக்கு மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது என்று முடித்தேன். ஓரளவுக்கு என்பதைக் கடைசியில், அனுப்பப் போகும்போது சேர்த்தேன். அச்சானதும் ஒரு பிரதியைச் சாருக்குத் தபாலில் அனுப்பினேன். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெங்களூரில் இருக்கும் பேரனைப் பற்றியும் மாநகராட்சித் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசினார். கட்டுரையைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. படித்தாரா என்பதே தெரியாது. படித்துவிட்டுப் பேசவில்லையா, படிக்காததால் பேசவில்லையா என்று நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்திருக்கிறேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு கூசுகிறது.

இப்போது கடிதத்தில் இருக்க வேண்டிய வாக்கியம் எது என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னது தவறு என்று இவர் நிரூபித்தார். அந்த ஒரு வரி போதும். வேறு எந்த நெறியாளரும் தன் மாணவியைப் பற்றி எழுதியிருக்க முடியாத வரி. அந்த ஊரில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கிறவர்கள் அந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒருமுறை என் பெயரைப் பார்ப்பார்கள். அதை அடிக்க எனக்கு அவர்கூட வேண்டாம். கையெழுத்து இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு அனுப்பியிருக்கும், அதைத் திறக்கும் கடவுச்சொல் எனக்குத் தெரியும், துறையில் எங்கள் எல்லாருக்குமே தெரியும், அவருடைய பாசியின் பெயர்தான் அது. அவர் மின்னஞ்சலைத் திறந்து பதில் எழுதுவதெல்லாம் யாராவது ஒரு மாணவன் செய்கிற வேலையாகவே இருந்து வந்தது. நேற்றே, வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே முடித்திருக்கலாம். அதைத்தான் சேவியரும் சொன்னான். துறைமுகத்தில் பகல் வேலை முடித்து வந்து, மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே, அவர் வாசிக்கவா போறாரு, நீ அடிச்சு ஏத்திட்டு ஒறங்கு என்றான். இந்த விண்ணப்பத்தைப் பற்றி அவனுக்கு வேறு வேடிக்கை. நமக்குக் கொரேரான்னு பேரு வச்சிட்டுப் போனவன் ஊருக்குத்தான போற, நம்ம பங்கு என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வா என்பான் வருகிறவர்களிடமெல்லாம். மகள் மெரின்தான் தலையைத் தூக்காமல் சொன்னாள், எங்களுக்கு டீச்சர் எழுதித் தந்தாத்தான் சர்டிபிகேட், ஒனக்கு நீயே எழுதிக்கிடுவ, நல்லாருக்கும்மா ஒங்க காலேஜு. சேவியர் சிரித்தான், நானும் சிரித்தேன். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் கீழே கையை நீட்டியபடி நின்றேன்.

நான் சொன்னது தவறு என்று இவர் நிரூபித்தார். அவருடைய கையெழுத்துக்கு மேல், என் கணினியில் அடித்த எழுத்துகளில், அவருக்குத் தெரியாமல். அவர் ஒருநாளும் அதைப் பார்க்கப்போவதில்லை. போர்ச்சுகலில் சிலர் பார்ப்பார்கள், அவர் எத்தனை பெரிய மனிதர் என்று நினைப்பார்கள், இங்கே அவர் காலண்டருக்குப் பக்கத்தில் அந்தச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அது பொய்யும் இல்லையே. நான் நிரூபித்தேன். நிரூபித்தது நடந்தது. நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒத்துக்கொண்டார் என்று எழுதினால்தான் பொய். நிரூபித்தார் என்று மட்டும் எழுதலாம். அவர் சொல்வதாக எழுதினால் ஒத்துக்கொண்டதாகத்தானே ஆகும். இந்த இடத்துக்கு நான் எத்தனையாவது முறையாக வருகிறேன். ஒவ்வொரு முறையும் இங்கே வந்ததும் மனது சட்டென்று நழுவி மெரின் வயிற்றில் இருந்த நாட்களுக்குப் போய்விடுகிறது. அந்தச் சமயம் எல்லாரும் ஆய்வை விட்டுவிடச் சொன்னார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், பிறகு என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம் என எல்லாருக்கும் தெரிந்த அந்தக் குரலில். அம்மா சொன்னாள், அத்தை சொன்னாள், பங்குச்சாமியார்கூடச் சொன்னார். தங்கையா சார் மட்டும் சொல்லவில்லை. வெயில்ல நீ எறங்காத, தண்ணிய நான் எடுத்துட்டு வாரேன், நீ ஆய்வுக்கூடத்துலயே இரி என்றார். ஸ்கூட்டரின் முன்னால் மாதிரிக் குப்பிகளை மரப்பெட்டியில் வைத்து, பெட்டியை முழங்காலால் அணைத்துப் பிடித்தபடி, உப்பு படிந்து வெளுத்த செருப்போடு வந்து இறங்குவார். எந்தப் பாத்தி, எந்த மூலை என்று குப்பிகளில் அவர் கையால் எழுதிய சீட்டுகள் ஒட்டியிருக்கும். அந்தத் தண்ணீரில்தான் நான் பட்டம் வாங்கினேன். அவர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரில் பார்க்கக் கற்றுக்கொண்டுதான் அவர் பார்க்காததைப் பார்த்தேன். நன்றி என்பதை என்ன செய்வது, எங்கே வைப்பது. பணிவானவர் என்று போன வருடம் எழுதியது இந்த நன்றிதானோ. நன்றியாக இருந்தால் எனக்கு இத்தனை வெட்கம் ஏன்.

வல்லநாட்டில் நின்று யாரையோ ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. மலை பக்கத்தில் வந்து ஒதுங்குகிறது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு யோசனை. பாளையங்கோட்டையில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, அடுத்த பேருந்தில் ஏறி, பணிவானவர் என்பதை எடுத்துவிட்டு அறிவார்ந்தவர் என்று போட்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் ஏற்றிவிடலாம். கிடைத்தால் கிடைக்கட்டும். கிடைக்காவிட்டால் கல்லூரி இருக்கிறது, வகுப்புகள் இருக்கின்றன. எங்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர் அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டார், ஏம்மேடம், நம்ம ஊர்ல இல்லாத உப்பா, அங்கபோயி எதுக்கு. அப்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பதில் இருந்தது. அங்கே உள்ள பாத்திகளும் சிவக்கின்றன. அங்கே வெயில் குறைவு, உப்பு வேறு மாதிரி விளைகிறது, அங்கும் நான் கண்டதே இருந்தால் நான் கண்டது உண்மை, இல்லாவிட்டால் எங்கே தவறினேன் என்று தெரிய வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்த என்னால் முடியாது. முடியாது என்று மனதுக்குள் சொன்னபோது சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்திலிருந்தவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அதே கேள்விதான், அதே கேள்வியை ஏன் கடிதத்துக்கும் கேட்கக்கூடாது. அவர் என்னைப் பற்றி நினைப்பது நான் நம்புவதுதானா, இல்லையா. அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எப்படி எழுதுவேன். இத்தனை நேரமும் வாக்கியம் நின்றது பணிவாலும் இல்லை, ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதாலும் இல்லை. டெல்பின் கொரேராவை எனக்கு என்பதற்குப் பின்னால் வர வேண்டியது என்னிடம் இல்லை. அது பெருமாள்புரத்தில் இருக்கிறது. பாலத்தில் ஏறும்போது தாமிரபரணி பாதி மணலும் பாதி தண்ணீருமாகக் கிடந்தது. உறையைக் கைப்பைக்குள் வைத்து மூடினேன். அவரை எழுதச் சொல்லப் போகிறேன். எழுதமாட்டேன் என்றால் உட்கார்ந்திருப்பேன். மோசமாக எழுதுவார் என்றால் எழுதட்டும். இதை முடிவு செய்ததும் பயம் போய்விடவில்லை, பயம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதற்காக ஒதுங்கி வழிவிடுவது நின்றுவிட்டது.

கதவைத் திறந்தது பியூலா டீச்சர். சாரின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் எல்லாருக்கும் டீச்சர்தான். இந்த வெயில்ல எவளாவது வருவாளா என்று உள்ளே இழுத்துவிட்டு, எலுமிச்சம்பழச் சாற்றுக்கு உப்பா சீனியா என்று கேட்டார், பிறகு உன்கிட்டப் போயி கேக்கேன் பாரு என்று அவரே சிரித்துக்கொண்டு போனார். சார் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் தயாராக இருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி, அட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு. இளைத்திருந்தார். மெரின் எந்த வகுப்பு என்று கேட்டார், சேவியருக்கு இன்னும் இரவு வேலை உண்டா என்று கேட்டார், நான் சொல்வதற்குள் கொண்டா என்று கையை நீட்டினார். உறையைத் திறந்து தாளைக் கொடுத்தேன். பேனாவைக் கீழே கொண்டுபோனவர் அங்கே ஏற்கெனவே கையெழுத்து இருப்பதைப் பார்த்தார். தாளைத் திருப்பினார். திரும்பவும் முன்பக்கம் பார்த்தார்.

"என்னம்மா, வெறுந்தாளு."

"போன வருசம் நீங்க போட்டுக் குடுத்தது சார். ஒண்ணு மிஞ்சிருந்துச்சு."

"அதுலயே அடிச்சிருக்கலாம்லா. இதுக்கா இம்புட்டு தூரம் வந்த."

"எனக்கு எழுத வரல சார். நீங்க எழுதணும்."

அவர் சிரித்தார். சாறோடு வந்த பியூலா டீச்சர் நடுவில் நின்று, இவுக பென்ஷன் காகிதத்தையே நாந்தான் எழுதுனேன், இவுக எழுதி நீ வெளிநாடு போயி, என்று டம்ளரை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். சிரிக்கவில்லை. நான் சிரிக்காததை சார் கவனித்தார். என்ன எழுதணும்னு நீ சொல்லு, நான் எழுதுதேன் என்றார். நான் சொல்லக்கூடாது, நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ அது என்றேன். நான் மோசமா நெனச்சிருந்தா என்றார். அப்படியானால் அதை எழுதுங்கள் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, பட்டம் வாங்கிய நாள்முதல் இந்த வீட்டில் நான் இப்படிப் பேசியதில்லை. டீச்சர் உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சார் தாளை அட்டையில் வைத்து, பேனாவை மூடி, சட்டைப்பையில் செருகினார். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"நீ ஒன் கட்டுரைய எனக்கு அனுப்புனியே."

"ஆமா சார்."

"அதுல ஓரளவுக்குன்னு போட்டிருந்த."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அது என்ன ஓரளவுக்கு? ஒண்ணு நான் சொன்னது சரி, இல்ல தப்பு. எனக்காவப் போட்டியா?"

"ஆமா சார்."

"போடலாமா?"

"போட்டிருக்கக் கூடாது."

இத்தனை வருடம் அவர் பேசாமல் இருந்தது எதற்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனோ அது இல்லை. அல்லது அதுவும்தான். அவர் முகத்திலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை, கோபமா, அவமானமா, அலுப்பா. கையை ஊன்றி எழுந்தார். டீச்சர் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். பக்கத்து அறையில் அவர் மகன் வாங்கி வைத்திருந்த கணினி தூசி படாமல் துணி போட்டு மூடியிருந்தது. மெயில தொறந்து குடு, ஒனக்குத்தான் தெரியும்லா என்றார். திறந்தேன். பல்கலைக்கழகத்தின் கடிதம் படிக்கப்படாமல் கிடந்தது. இணைப்பைத் தட்டி, தாளை ஏற்றாமல் நேரடியாகவே எழுதும் வெள்ளைக் கட்டம் திரையில் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து அவருக்குக் கொடுத்தேன். உட்கார்ந்தவர், வெளிய இரி என்றார். கையோடு கொண்டுவந்திருந்த அந்தத் தாளை நான்காக மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

கூடத்தில் உட்கார்ந்தேன். சுவரில் அவர் கட்டுரையின் முதல் பக்கம் கண்ணாடிக்குள் இருந்தது, அதில் வெளிச்சம் பட்டு எழுத்து தெரியவில்லை. உள்ளே ஒற்றை விரலால் தட்டும் சத்தம். ஒரு தட்டு, தேடல், இன்னொரு தட்டு. டெல்பின் கொரேராவை எனக்கு என்று எழுதியிருப்பாரா. அதற்குள் அவ்வளவுதான் எழுதியிருக்க முடியும். பியூலா டீச்சர் எதிரே உட்கார்ந்து, கோவமா எழுதிப் போடாமப் பாரு, அவுக மனசு எனக்கே பிடிபடாது என்றார் மெதுவாக. எழுதினாலும் சரி டீச்சர் என்றேன். எழுதினாலும் சரியா என்று உள்ளே கேட்டுப் பார்த்தேன். சரி இல்லை. எனக்கு அந்த வருடம் வேண்டும். அந்தப் பாத்திகள் வேண்டும். அவர் ஒரு வரி கடிந்து எழுதினால் போதும், நாளை மாலைக்குப் பிறகு வேறு வழி கிடையாது, நான்தான் அவரை அங்கே உட்காரவைத்தேன். இன்னும் எழுந்து போய் நிறுத்தலாம், சார் நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லலாம். கால்கள் அதற்குத் தயாராகக்கூட இருந்தன, குதிகால் தரையிலிருந்து எழும்பியிருந்ததை இப்போதுதான் பார்த்தேன். அதைத் தரையில் வைத்தேன். தட்டும் சத்தம் நின்றது.

"டெல்பினு."

"சார்."

"வடிதாள்ல கீழ எறங்குன தண்ணி என்ன நெறத்துல இருந்துச்சு?"

பாத்தித் தண்ணீரை வடிகட்டினால் பாசி வடிதாளில் தங்கிவிடும், நிறம் பாசியுடையது மட்டும் என்றால் கீழே இறங்குவது தெளிவாக இருக்க வேண்டும். மேலே தங்கியதைத்தான் எல்லாரும் எடுத்துப் பார்ப்போம், கீழே இறங்கியதை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன், ஒருநாள், கையில் வேறு வேலை இல்லாததால்.

"சிவப்பாத்தான் சார் இருந்துச்சு."

பியூலா டீச்சர் என்னையும் அறை வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்களுக்கும் செவப்பாத்தான் எறங்கும்" என்றார் சார், எனக்குச் சொல்வதாக இல்லாத குரலில். "நாங்க அத கழுவுற தொட்டியில ஊத்திருவோம்."

அதன் பிறகு ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. டம்ளரில் பாதிச் சாறு இருந்தது, குடித்து முடித்தேன். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.